கச்சால் லைனில் எரியாத கட்சி

பத்துபஸ்தி
14.9.2022

அன்புத் தம்பி ஐயாவுக்கு,

அக்கா ஒச்சம்மா எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் சுகம். அவருக்கு இருமல் விட்டுவிட்டது, வாய்தான் இன்னும் விடவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? முழங்காலைக் கவனிக்காமல் மேட்டில் ஏறி ரப்பர் பால் வெட்டினால் அது என்னத்துக்கு ஆகும்? எண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன், கப்பல்கார நாகராஜிடம் மறக்காமல் வாங்கிக்கொள்.

சேதிக்கு வருகிறேன். அடுத்த வீட்டு பாலசுப்பிரமணியம் அண்ணன் வீட்டை விற்றுவிட்டு மகனோடு திருச்சிக்கே போய்விட்டார். வீட்டோடு பின்னால் இருக்கிற பொட்டலும் போனது. ஆமாம், நம்ம காமன் பொட்டல்தான். சுனாமிக்குப் பிறகு கச்சால் தீவிலிருந்து கப்பலேறி வந்து இந்த லைனைக் கட்டின காலத்திலிருந்து மாசிக்கு மாசி காமனை ஊன்றி, பௌர்ணமியில் எரித்துக் கூத்துக் கட்டின இடம். அது ஊர் இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பத்திரத்தில் அவர் பெயரில் இருந்தது என்பதே விற்ற பிறகுதான் தெரிகிறது. நல்ல கூத்து, போ.

வாங்கினவர்கள் கல்கத்தாக்காரர்கள். கௌதம் பாபு, அவர் சம்சாரம் ஷீலா. சாமான் இறக்கின அன்று நான் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். புடைத்த அரிசியையே திரும்பத் திரும்பப் புடைத்தேன் என்று உன் மச்சான் சிரிக்கிறார். சிரிக்கட்டும். புத்தகமாக இறங்கியது, பூச்சட்டியாக இறங்கியது. கடைசியில் சாக்குச் சுற்றின பெரிய இரும்புச் சாமான் ஒன்றை ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கிப் போனார்கள். அது என்ன என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

லைனில் இப்போது நம்ம ஆட்கள் என்றால் நாங்களும் சொர்ணம்மா அக்கா குடும்பமும் இன்னும் இரண்டு மூன்று வீடுகளும்தான். மற்றதெல்லாம் ஹோம்ஸ்டே. காலையில் கதவைத் திறந்தால் அரைக்கால் சட்டையில் மெயின்லேண்ட் ஆட்கள் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மாசிக்காவது ஒருமுறை வந்து போடா. உனக்கென்று ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது.

உன் சுகத்துக்குச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கும் அக்கா,
ஒச்சம்மா

*

கச்சால்
9.10.2022

அக்காவுக்கு,

தம்பி ஐயாவு. சுகமாக இருக்கிறேன், அங்கே எல்லாரும் சுகம்தானே? எண்ணெய் வந்தது. தேய்த்தேன். மணம் நன்றாக இருக்கிறது, வலி அப்படியே இருக்கிறது.

இங்கே விடாத மழை. மரம் நனைந்து கிடப்பதால் பால் வெட்டு இல்லை. லயத்துக் காம்பரா அறையில் உட்கார்ந்து உன் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அந்தச் சாக்குச் சுற்றின சாமான் என்ன அக்கா? இங்கே காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால் எங்கள் ஆட்கள் அதையே கேட்கிறார்கள். ஷீட் அடிக்கிற ரோலராக இருக்கும் என்று நான் சொன்னேன். கல்கத்தாக்காரருக்கு ரப்பர் ஷீட் எதற்கு என்று கேட்டார்கள். எப்படியாவது பார்த்து எழுது.

உங்கள் லைனை நான் பார்த்ததில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நடந்து போவேன். ஏர்போர்ட் ரோட்டிலிருந்து இறங்கினால் முதலில் சொர்ணம்மா அக்கா வீடு, முருங்கைமரம். அப்புறம் தெலுங்குக் கான்ட்ராக்டர் இடித்துக் கட்டின மாடி வீடு. பிறகு நீல வாசல் வைத்த உன் வீடு. அதை ஒட்டி பாலசுப்பிரமணியம் அண்ணன் வீடு. அந்த வீட்டுக்கு இப்போது என்ன சாயம் அடித்திருக்கிறார்கள்? பழைய மஞ்சளா, மாற்றிவிட்டார்களா? மாற்றியிருந்தால் சொல், நான் மனதில் வேறு சாயம் அடித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். காமன் கூத்தில் மச்சான் எரிந்த கட்சி பாடுவார், சரி. எரியாத கட்சி பாடிக்கொண்டிருந்தவர் பாலசுப்பிரமணியம் அண்ணன். அவரும் போய்விட்டால் மச்சானுக்கு எதிர்ப்பாட்டு யார் பாடுவது? மச்சான் தனக்குத்தானே சண்டை போட்டுக்கொள்வாரா?

மழை நிற்க வேண்டும். மச்சானுக்கு என் கும்பிடு.

தம்பி,
ஐயாவு

*

பத்துபஸ்தி
2.11.2022

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் சாமான். பெரட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடு. அது நடக்கிற மிஷின்! மேலே ஏறி நின்று நடக்க வேண்டும், அடியில் பட்டை ஓடிக்கொண்டே இருக்கும், ஆள் இருந்த இடத்திலேயே இருப்பார். கேசரித் தட்டோடு போனபோது நானே கண்ணால் பார்த்தேன். கௌதம் பாபு வேர்க்க விறுவிறுக்க நடக்கிறார். இதே நடையை ஃபீனிக்ஸ் பே துறைமுகம் பக்கம் நடந்தால் நாலு மீனாவது வாங்கி வரலாமே என்று ஷீலாவிடம் சொன்னேன். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல மனுஷி. அவளுக்கு எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும், என்னை மாதிரி. கேசரியில் போட்டது என்ன, என் பெயருக்கு என்ன அர்த்தம், லைன் என்று ஏன் சொல்கிறீர்கள் என்று குடைந்து எடுத்துவிட்டாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தது லயம், அங்கிருந்து கச்சாலுக்கு வந்தும் லயம், இங்கே தனித்தனி வீடு கட்டியும் வாயில் அதே பெயர்தான் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்.

வீட்டுக்கு வெள்ளைச் சாயம் அடித்துவிட்டார்கள். வாசலில் இங்கிலீஷில் ஒரு போர்டு. மனதில் வெள்ளை அடித்துக்கொள்.

பொட்டலைப் பற்றியும் கேட்டுவிட்டேன். "பாபு, மாசி மாதத்தில் பின்னால் எங்கள் பூஜை ஒன்று உண்டு" என்றேன். "கோயீ பாத் நஹீன் தீதி, தாராளமா செய்யுங்க" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. ஆளை ஊன்றி எரிப்போம், எரிந்தானா இல்லையா என்று விடிய விடியச் சண்டை போடுவோம் என்று எந்த ஹிந்தியில் சொல்வது?

நீ கேட்ட கேள்விக்குப் பதில். மச்சானுக்கு எதிர்ப்பாட்டு பாட இங்கே யாரும் இல்லை. கச்சாலில் எரியாத கட்சி என்றால் நீதான். உனக்குப் பிறகுதான் பாலசுப்பிரமணியம் அண்ணன். தெரிந்துதானே கேட்டாய், திருடா? வந்து பாடு. அவ்வளவுதான்.

அக்கா,
ஒச்சம்மா

*

கச்சால்
15.12.2022

அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. நடக்கிற மிஷினைக் கேட்டு இங்கே எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. மேட்டில் ஏறி இறங்கி நொந்து போன ஆட்கள் அல்லவா, பட்டையே ஓடுகிற மிஷின் இருந்தால் நமக்கும் ஒன்று போடச் சொல்லலாம் என்கிறார்கள்.

மாசி பற்றி இப்போது எப்படிச் சொல்வது? கப்பல் ஒழுங்காக இல்லை. லீவும் பார்க்க வேண்டும். முழங்காலும் இருக்கிறது. பார்க்கலாம்.

டிசம்பரில் எனக்கு அதிகம் எழுத வராது, உனக்கே தெரியும்.

ஐயாவு

*

பத்துபஸ்தி
8.1.2023

தம்பிக்கு,

சுகமா? நாங்கள் சுகம். பொங்கலுக்கு வேட்டி அனுப்பியிருக்கிறேன், கட்டிக்கொள், பெட்டியில் வைத்துப் பூட்டாதே.

கோபமாக எழுதுகிறேன், கோபமாகவே படி. கப்பல் இல்லை, லீவு இல்லை, முழங்கால் என்று வருடா வருடம் எழுதுகிறாய். உன்னோடு வேலை பார்க்கிற நாலு பேர் போன வாரம் கப்பலில் வந்து ஷாதிபூர் கடைகளில் துணி பேரம் பேசிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு மட்டும் கப்பல் எங்கிருந்து வந்தது? போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்பாய், சிக்னல் இருந்தால் "ம்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். காரணம் எனக்குத் தெரியும். நீயும் எழுதமாட்டாய், நானும் இத்தனை வருடம் எழுதவில்லை. உன் சம்சாரம் ரூபா அன்று காலை கடலோரத்துக்கு அவள் அக்கா வீட்டுக்குப் போனாள், அலை வந்தது, திரும்பவில்லை. உடம்பு கிடைக்கவில்லை. நாங்கள் எல்லாரும் கப்பலேறி வந்தோம், நீ மட்டும் அவள் வந்து தேடுவாள் என்று அங்கேயே இருந்துவிட்டாய். கச்சாலை விட்டு ஒரு எட்டு நீ வைக்கவில்லை. நான் அங்கே வரலாம் என்றால் ஆதிவாசிகள் தீவு என்று பாஸ் கொடுக்க மாட்டார்கள். உன் முகத்தை நான் எப்போதுதான் பார்ப்பது?

அழுதுகொண்டே எழுதினேன், எழுத்துக் கோணலாக இருந்தால் அதனால்தான்.

இனி நல்ல சேதி. உன் மச்சான் மாலையில் பாட்டுப் பழகுகிறார். தப்பு மேளச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எதிர் ஹோம்ஸ்டேக்காரர் முறையிட்டார். மாலை ஐந்து மணிக்கு என்ன தூக்கம்? ஷீலாதான் போய்ச் சமாதானம் செய்தாள். பிறகு என்னிடம் வந்து பாட்டுக்கு அர்த்தம் கேட்டாள். சிவன் தவத்தைக் கலைத்த மன்மதனை நெற்றிக்கண்ணால் எரித்தார், ரதி வந்து அழுதாள், அவள் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிவான் என்று வரம் கொடுத்தார் என்றேன். அவன் எரிந்தே போனான் என்பது எரிந்த கட்சி, எரியவே இல்லை என்பது எரியாத கட்சி என்றேன். எங்கள் பக்கமும் அந்தப் பௌர்ணமிக்கு நெருப்பு வைப்போம், ஆனால் இப்படிச் சண்டை கிடையாதே என்று அதிசயப்பட்டாள். அன்றிலிருந்து காலையில் பால் வாங்கப் போகும்போதெல்லாம் என்னை நிறுத்தி, "தீதி, காமன் ஜலா கி நஹீன் ஜலா?" என்கிறாள். எரிந்தானா, எரியவில்லையா? முடிவாக ஒரு பதில் வேண்டுமாம்.

இன்னொன்று. புரோக்கர் ஒருவன் எங்கள் வாசலுக்கும் வர ஆரம்பித்துவிட்டான். உன் மச்சான் அவனுக்கு நாற்காலி போடுகிறார்.

அக்கா

*

கச்சால்
29.1.2023

அக்காவுக்கு,

வேட்டி கட்டிக்கொண்டேன். உடம்பு சுகம்.

உன் கடிதத்தைப் படித்தேன். நீ சொன்னது சரி. கப்பல் இருக்கிறது, லீவும் இருக்கிறது.

நான் வந்துவிட்டால் இங்கே யார் இருப்பார்? ஒவ்வொரு கப்பலுக்கும் துறைமுக ஜெட்டிக்குப் போய் நிற்கிறேன், பைத்தியம் என்று நினைத்துக்கொள். அலையில் அடித்துப்போய் வேறு தீவில் கரையேறினவர்கள் இருக்கிறார்கள் என்று அப்போது பேசிக்கொண்டார்களே. அவள் செத்ததைக் கண்டவர் யாருமில்லை. காணாத ஒன்றை எப்படி அக்கா நான் ஒப்புக்கொள்வது? நான் எரியாத கட்சி. எனக்கு அதுதான் பாடத் தெரியும்.

அந்த ஷீலா அம்மாளுக்கு நம்ம கட்சிப் பதிலைச் சொல். எரிந்ததைப் பார்த்தவர் சிவன் ஒருவர், அவர் கோபத்தில் இருந்தவர். கோபக்காரன் சாட்சி செல்லாது. எரியவில்லை என்று சொல்கிறவள் ரதி. அவனோடு குடும்பம் நடத்தினவள் சொல்வதை நம்பாமல் வேறு யார் சொல்வதை நம்புவது? இதற்கு மச்சான் என்ன எதிர்ப்பாட்டு போடுகிறார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, எழுது.

மச்சானிடம் கேள், நாற்காலி போடுவது எதற்கு என்று. நீங்களும் திருச்சிப் பக்கம் போய்விட்டால் எனக்கு எழுதுவதற்கு இந்தக் கடலுக்குள் ஆளே இருக்காது.

பாட ஆள் இல்லை என்பதற்காக என்னைக் கடல் தாண்டச் சொல்லாதே. நான் வரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

தம்பி,
ஐயாவு

*

பத்துபஸ்தி
26.2.2023

ஐயாவு,

சுகம் விசாரிக்க இப்போது நேரமில்லை. நாகராஜ் நாளைக் கப்பலில் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்த உடனே அவரிடமே பதில் கொடு.

வியாழக்கிழமை காமனை ஊன்றினோம். ஆமணக்குக் கொம்பும் கரும்பும் சேர்த்து வைக்கோல் சுற்றி மஞ்சள் துணி கட்டி எல்லாம் முறைப்படி. உன் மச்சான் காப்புக் கட்டிக்கொண்டார். கௌதம் பாபுவும் ஷீலாவும் அப்போது ஊரில் இல்லை, ஹோம்ஸ்டே ஆட்களோடு ஹேவ்லாக் தீவுக்குப் போயிருந்தார்கள்.

நேற்றுக் காலை வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கௌதம் பாபு எங்கள் வாசலில் வந்து நிற்கிறார். கையில் காமன்! வேரோடு பிடுங்கின செடியைத் தூக்கி வருவது போலத் தூக்கிக்கொண்டு, முகமெல்லாம் பெருமை.

"தேக்கோ தீதி, எவனோ என் ஜமீனைப் பிடிக்கப் பார்த்திருக்கான். கம்பு நட்டு கொடி கட்டிட்டான். நல்லவேளை நான் பார்த்தேன்."

காலி இடம் இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பு நட்டு எல்லை போட்டுவிடுவார்கள், கம்பைக் கண்டால் யோசிக்காமல் பிடுங்குங்கள் என்று இடம் வாங்கித்தந்த புரோக்கர் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். பூஜை என்று நான் சொன்னதை அவர் ஒரு நாள் பூஜை, சாமி படம், சூடம், அவ்வளவு என்று நினைத்திருக்கிறார். கம்பைப் பற்றி நான்தான் வாய் திறக்கவில்லையே.

உன் மச்சான் உள்ளேயிருந்து வந்து பார்த்தார். "என் சாமியப் புடுங்கிட்டு வந்து என் வாசல்லயே காட்டுறியா?" என்று தமிழில் கத்தினார். பாபுவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய்விட்டது. ஷீலா ஓடி வந்தாள், விஷயத்தைக் கேட்டாள், புருஷனைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். நடக்கிற மிஷினில் அவரை இன்னும் ஒரு வருடம் இறங்காமல் நடக்கவிடலாம் போல இருந்தது. "நான் என்ன செய்தால் சரியாகும்? சொல்லுங்க, செய்யறேன்" என்று பாபு இரண்டு கையையும் கூப்பினார்.

சொர்ணம்மா அக்காவைக் கூட்டி வந்து கேட்டோம். "காமன் வுழுந்தா எரிஞ்ச கட்சி தொடக்கூடாது. எரியாத கட்சிக்காரன் கை வச்சி ஊனுனாத்தான் நிப்பான். இல்லாட்டி இந்த வருசத்தோட விட்டுறணும்" என்கிறார். விட்டுவிட்டால் அப்புறம் அடுத்த வருடம் இல்லை, ஐயாவு. உன் மச்சான் நேற்றே சொல்லிவிட்டார்: "போதும்டி. நம்ம ஆட்டம் முடிஞ்சது. வீட்டக் குடுத்துட்டு திருச்சிக்குப் போவோம்." புரோக்கரை வரச் சொல்லிவிட்டார். பௌர்ணமி வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சி வைத்திருக்கிறேன். சொர்ணம்மா அக்கா வீட்டிலும் அதே பேச்சு.

நான் இந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்றால் என் ஒருத்தி பேச்சு எடுபடாது. நீ இருக்கிற கடலை விட்டு மெயின்லேண்டுக்குப் போய் நான் உயிரோடு என்னத்துக்கு இருப்பது? ரூபாவை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. பௌர்ணமி மார்ச் ஏழு. வந்து ஊன்றிவிட்டு அடுத்த கப்பலில் திரும்பிப் போ. எனக்காக வா.

அக்கா

*

கச்சால்
1.3.2023

அக்கா,

வருகிறேன். பெரட்டில் சொல்லிவிட்டேன். கப்பல் ஜெட்டியில் எனக்குப் பதிலாக நிற்க ஒரு ஆளிடமும் சொல்லியிருக்கிறேன்.

காமன் காயாமல் ஈரத்துணி சுற்றி வை. அந்தக் கௌதம் பாபுவை யாரும் திட்ட வேண்டாம். கம்பைக் கண்டால் எல்லை என்று நினைப்பதில் அவர் தப்பு என்ன இருக்கிறது?

ஐயாவு

*

பத்துபஸ்தி
20.3.2023

அன்புத் தம்பிக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? கப்பலில் வாந்தி எடுத்தாயா? ஃபீனிக்ஸ் பேயில் நீ இறங்கி வந்தபோது உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை எல்லாம் நரைத்துப்போய் யாரோ பெரிய மனுஷன் வருகிறார் என்று ஒதுங்கி நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நம்ம லைனுக்குள் நீ வழி கேட்காமல் நடந்து வந்ததைப் பார்த்து உன் மச்சான் அசந்துவிட்டார். முருங்கைமரத்தை வெட்டிவிட்டார்களே என்று நீ நின்றாயே, அதை உனக்கு எழுத மறந்துவிட்டேன்.

புரோக்கர் வந்தான். உன் மச்சான் நாற்காலி போடவில்லை. விற்க மாட்டேன் என்றும் அவர் சொல்லவில்லை, அடுத்த மாசி கழியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதுவே எனக்குப் போதும். கௌதம் பாபு பொட்டலைச் சுற்றி வேலி போடப்போகிறார், வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். காமன் ஊன்றின மூலையை என்ன செய்வார் என்று தெரியவில்லை. "தேக்கேங்கே" என்கிறார். பார்ப்போம் என்கிறவரிடம் என்ன செய்ய முடியும், நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். நீ இங்கே இருந்த நாளெல்லாம் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்தேன். ஊன்றும்போது ஒழுங்காகத்தான் ஊன்றினாய். பௌர்ணமியன்று நெருப்பு வைத்து உன் மச்சான் எரிந்த கட்சியைப் பாடி நிறுத்தினார். லைனே, ஹோம்ஸ்டே ஆட்கள் உட்பட, உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ தப்பு மேளத்தை இறக்கி வைத்தாய். நடந்து வந்து உன் மச்சான் பக்கத்தில் நின்றுகொண்டாய். எரிந்த கட்சியில்! உன் மச்சானே திகைத்துவிட்டார்.

அந்தப் பக்கம் ஆளே இல்லாமல் கிடந்தபோது ஷீலா எழுந்தாளே, "நஹீன் ஜலா!" என்று. அவன் எரிந்திருந்தால் உலகத்தில் இன்னும் கல்யாணம் எப்படி நடக்கிறது என்று ஹிந்தியில் கேட்டாளே, எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்களே. நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் நீ மட்டும் நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

ஏன்டா கட்சி மாறினாய்? எழுதப் பிடிக்காவிட்டால் எழுதாதே. ஆனால் தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அக்கா,
ஒச்சம்மா

*

கச்சால்
2.4.2023

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வாந்தி எடுத்தேன், நாகராஜ் எலுமிச்சம்பழம் கொடுத்தார். முழங்கால் இந்த வாரம் பரவாயில்லை.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். காமனைத் திரும்ப ஊன்றின அன்று நீங்களெல்லாம் எட்டி நின்றீர்கள். மண் அணைக்க எனக்கு உதவியாக கௌதம் பாபு வந்து குந்தினார். அவருக்கு எல்லாவற்றுக்கும் கேள்வி. ஆமணக்கு ஏன், கரும்பு ஏன், மஞ்சள் ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததற்கு எங்கள் வழக்கம் என்றேன். நீங்கள் எந்தக் கட்சி என்றார். காமன் எரியவில்லை என்கிற கட்சி என்றேன். அப்போது அவர் சும்மா, விளையாட்டாகக்கூட இல்லை, தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டார்: "அப்படின்னா, அதுக்கப்புறம் நீங்க பார்த்தீங்களா?"

அவர் கேட்டது காமனை. ரூபாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அக்கா, அந்தக் கேள்வியை நம்ம ஆட்கள் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. வருவாள் என்றார்கள், விட்டுவிடு என்றார்கள், பாவம் என்றார்கள். நீ பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ரதிக்காவது அவன் கண்ணில் தெரிந்தான். நான் எத்தனை கப்பலுக்குப் போய் நின்றேன், ஒரு தடவை, கனவில்கூட, அவள் எனக்குத் தெரியவில்லை.

"நஹீன்" என்றேன். கையில் மண்ணோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் பதில் கிடைத்த திருப்தியில் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு எப்படிப் பாடுவது? பார்க்காதவன் எரியவில்லை என்று பாடினால் அது பொய்ச்சாட்சி. அதனால்தான் மச்சான் பக்கம் வந்து நின்றேன். அவர் தோளில் கை போட்டாரே, அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று நீ நினைத்திருப்பாய்.

திரும்பி வந்த பிறகு இரண்டு கப்பல் வந்து போய்விட்டன. நான் ஜெட்டிக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் காம்பராவில் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

சித்திரை அமாவாசைக்கு வருகிறேன். ஷீலா அம்மாள் நம்ம கட்சியைப் பிடித்துக்கொண்டாரே, அடுத்த வருடம் மச்சான் அவரிடம் எப்படித் தப்பிப்பார் என்று இப்போதே கேட்டு வை. அமாவாசையன்று ரூபாவுக்கு ஒரு இலை போடு, அக்கா. கருவாட்டுக் குழம்பு வை, அவளுக்குக் காரம் தூக்கலாக இருக்க வேண்டும். அவள் பேரைச் சொல்லி ஒரு பிடி சோறு வைக்க இத்தனை வருடமும் நான் யாரையும் விடவில்லை. எவ்வளவு பசியோடு இருந்திருப்பாள்.

தம்பி,
ஐயாவு